உங்களுக்குத் தெரியுமா? இறகு கொட்டும் கோழியெல்லாம் நோயாளி அல்ல

செஞ்சியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அதனால், பகல் வெகுவாகக் குறைந்து இறகுதிர்வைத் தூண்டும் குளிர்நாடுகளைப்போல ஒரே பருவத்தில் எல்லாக் கோழிகளும் சேர்ந்து இறகு உதிர்ப்பது இங்கே அரிது. ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால் நோயென்று அஞ்சுகிறோம். முட்டையும் நின்றுவிட்டதே என்பீர்கள். இறகில் 80 விழுக்காட்டுக்கும் மேல் புரதம். முட்டைக்குப் போக வேண்டியது இறகுக்குப் போகிறது. தலை, கழுத்தில் தொடங்கி, உதிர்ந்த இடத்தில் முள்போலக் குருத்து தெரிந்தால் அது இயல்பே. உப்பில்லாக் கருவாட்டுத்தூளோ கரையானோ கொடுங்கள், மருந்து வேண்டாம். ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து பேன் ஊர்ந்தால், கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கோழிக்கும் கூண்டுக்கும் சேர்த்தே மருந்திடுங்கள். பச்சையாகக் கழிந்து கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதைக் குணமாக்கும் மருந்தே இல்லை, முன்கூட்டியே போட்ட தடுப்பூசிதான் காக்கும்.