சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

"எனக்கு ஏன் இப்படி? யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கேள்வி எழாத நாள் உண்டா? தினமும் ஜெபம் செய்கிறவர்களும் கேட்கிறார்கள். அதனால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நீங்கள் பயப்பட வேண்டாம். பைபிளில் யோபுவே கேட்டிருக்கிறார்!

வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொச்சிப் பக்கத்துப் பெண். 1954-ல் சக டாக்டர்களோடு பிக்னிக் போன வண்டி விபத்தில் சிக்கியது. முதுகுத்தண்டில் பலத்த அடி. முகத்திலும் காயம். இனி நடக்கவே முடியாது என்றானபோது அவருக்கு வயது 28.

மனசு உடனே தேறிவிடவில்லை. தேறவும் தேறாது! தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சீராக்குவதில் பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட்தான் வழிகாட்டினார். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே! சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியைப் பிடித்தார் மேரி. பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அதற்கென ஒரு துறையையே உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார்.

அந்த விபத்தைக் கடவுளே அனுப்பினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடப்பதெல்லாம் நல்லதுதான் என்று பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் சொல்லவில்லை. நடந்துபோனதைக் கொண்டும் கடவுளால் நன்மை செய்ய முடியும் என்கிறார். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்! ஒன்று, விசுவாசத்தைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்துவது தப்பு. ஜெபத்தோடு சிகிச்சையையும் பயிற்சியையும் ஏற்றுக்கொண்டவர்தான் மேரி.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்ததும்தான் தொல்லை! நீங்களும் நோயாளியைப் பார்க்கப் போனால், "எல்லாம் தேவ சித்தம்மா, அழாதே" என்று வாசற்படியிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். கடவுளின் நோக்கத்தை அவராகவே கண்டுகொள்ளட்டும். "ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டுவிட்டுப் பண்ணுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரி முழுக்க அதைச் செய்து களைத்துப்போன மனைவியோ மகளோ அந்த வீட்டில் இருப்பார்கள். எப்படிப் புரட்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு மத்தியானம் அந்த வேலையை நீங்கள் பாருங்கள். அவர்களைத் தூங்கச் சொல்லுங்கள்.