செய்யூர்ப் பகுதியில் தொகுதி மேம்பாட்டு நிதியும் இருளர் குடியிருப்புகளும்

எளியோர்க்கென ஒதுக்கப்படும் பொதுநிதி அவர்களைச் சென்றடையும் முறையைச் செய்யூரை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த செய்யூர்ச் சட்டமன்றத் தொகுதி, காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதிக்கு உட்பட்டது. இரண்டும் பட்டியலினத்தவர்க்கான தனித்தொகுதிகள்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் 1993இல் தொடங்கப்பட்டது. இதன்படி ஓர் உறுப்பினர்க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உரியது. பணிகளை உறுப்பினர் பரிந்துரைப்பார். மாவட்ட நிருவாகம் ஆய்ந்து ஒப்புதல் அளிக்கும். இத்தொகையில் பட்டியலினத்தவர் வாழும் பகுதிகளுக்கு 15 விழுக்காடும் (75 இலட்சம்), பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு 7.5 விழுக்காடும் (37.5 இலட்சம்) பரிந்துரைக்கப்பட வேண்டும்.

இங்கு ஒதுக்கீட்டின் அளவுகோல் குடும்பமன்று, பகுதியே. சாலை, குடிநீர்த் தொட்டி, சமுதாயக்கூடம் முதலிய பொதுச் சொத்துகளே பணிகளாக ஏற்கப்படுகின்றன. செறிந்து அமைந்த குடியிருப்புகளுக்கு இது பொருந்தும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சில குடிசைகளாகச் சிதறி வாழும் இருளர்க்கு எளிதில் பொருந்துவதில்லை. அவர்தம் முதற்தேவை வீடு.

அத்தேவைக்கெனத் தனித்திட்டமும் உண்டு. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன்மன் திட்டம், இருளர் உள்ளிட்ட தொன்மைப் பழங்குடியினர்க்கு வீடு கட்ட நிதியளிக்கிறது. ஆயினும் வீடு கட்ட மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும். ஆதலின் ஒதுக்கீட்டு விழுக்காட்டை மட்டும் கொண்டு பயனை அளவிடுதல் போதாது. வருவாய்த்துறை வழங்கும் மனைப்பட்டாவே நிதியைக் குடும்பத்தோடு இணைக்கும் முதற்படி எனலாம்.