கோடு புக் கைக்கு வந்த கதை

பூந்தமல்லி வட்டாரத்தில் சிவில் படித்த பிள்ளைகளுக்குக் 'கோடு புக்' என்றால் ஜெராக்ஸ்தான். கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456, கூடவே எஸ்பி 16. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு அறைக்குள்ளேயே கொண்டுபோக அனுமதி உண்டு. அச்சுப் புத்தகத்தை விலைக்கு வாங்கியவர்கள்தான் அரிது. நகலின் நகலாக, ஸ்பைரல் போட்டு, சீனியரிடமிருந்து ஜூனியருக்கு இறங்கி வரும். அட்டவணையில் தசமப் புள்ளி மங்கிப்போன பக்கமும் அதில் இருக்கும்.

அசல் வேண்டுமானால் அப்போது இந்திய தர நிர்ணய அமைவனத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இங்கிருந்து தரமணி அலுவலகம்வரை போக வேண்டியிருந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005 பதிப்பு 13,000 ரூபாய்க்கும் மேல் இருந்தது. குமணன்சாவடியில் கடன் வாங்கி மாடி எடுக்கிறவர் அதை வாங்குவாரா? மேஸ்திரி சொன்னதுதான் விதி.

இத்தனைக்கும் அமைவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஐஎஸ்ஐ முத்திரை, ஹால்மார்க் போன்ற சான்றளிப்பிலிருந்து வருவது. நியமங்களை எழுதும் குழுக்களில் பேராசிரியர்களும் தொழில்துறையினரும் சம்பளம் வாங்காமல் உட்காருகிறார்கள். அப்படியிருக்க, புத்தகத்தை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? அமெரிக்கரான கார்ல் மலமூத் இந்திய நியமங்களைக் காசு கொடுத்து வாங்கி, இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார். அமைவனம் இதை ஏற்கவில்லை. 2015-இல் அவரும், 'இந்தியன் கானூன்' தளத்தை உருவாக்கிய சுஷாந்த் சின்ஹாவும், ஸ்ரீநிவாஸ் கோடலியும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள்.

இன்று அமைவனத்தின் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் இந்திய நியமங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சர்வதேச அமைப்புகளிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டவற்றுக்கு மட்டும் இன்னமும் விலை உண்டு.

இதனால் யாருக்கு என்ன லாபம்? தூணுக்குக் கட்டும் ரிங்கையே எடுத்துக்கொள்வோம். நிலநடுக்க நியமத்தின் 2002 திருத்தத்தில் சென்னை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. மண்டலம் மூன்றில் ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 13920. நம் சைட்டுகளில் 90 டிகிரியோடு விட்டுவிடுவதுதான் வழக்கம். கட்டடம் குலுங்கும்போது அந்த முனை பிரிந்துகொண்டால், உள்ளே இருக்கும் கம்பியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மடக்க ஆகும் கூடுதல் செலவு, டீக்காசு.

பக்கத்து மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது படித்த பொறியாளர்கள் சம்பந்தப்பட்ட கட்டடம். நியமம் இலவசமாக இருந்திருந்தால் நின்றிருக்கும் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் கட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்த விதியை வாங்குகிறவர் சரிபார்க்கவே முடியாது.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் விதிப்படி கட்டுகிறேன் என்ற பொறுப்பு உரிமையாளரின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. படிக்கக் கிடைக்காத விதிக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? நியமங்கள் இலவசமாக இருந்தே தீர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நியமத்தை இறக்கி, மேஸ்திரியிடம் போனை நீட்டினால் முதலில் கோபப்படுவார். "முப்பது வருஷமா இப்படித்தானே சார் கட்டுறோம்?" என்பார். ரிங் விஷயத்தில் சமாளித்துவிடலாம். கொக்கி எப்படி மடங்க வேண்டும் என்று நியமத்தில் படமே இருக்கிறது. கான்கிரீட் இறுகத் தண்ணீர் விடும் விஷயத்தில் அது நடக்காது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள் விட வேண்டும். இன்று கடையில் அதிகம் கிடைக்கும் பிபிசி (போர்ட்லாண்ட் போசோலனா) சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் வேண்டும். ஐஎஸ் 456 இதை ஆங்கிலத்தில், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அனுமதிச் சான்றோடு இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து விதிகளைத் தமிழில் ஒரு தாளில் சேர்த்து அனுப்ப அரசுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.