கப்பலிற் கழிந்த நாள்கள்

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசப் பயணக் கப்பலொன்று நங்கூரமிட்ட நாளை யாம் கண்டியிலிருந்தே அறிந்துகொள்ளலாம். முற்பகலில் பேருந்துகள் நிரையாக வந்து நிற்கும். மார்பில் இலக்கச் சீட்டு ஒட்டிய முதியோர் இறங்குவர். தலதா மாளிகையைக் கண்டு, வாவிக்கரையிற் சற்றே உலாவி, மாலைக்குள் மீண்டும் கப்பலுக்குச் சென்றுவிடுவர். அத்தகைய நாளொன்றில் வாவிக்கரை வாங்கில் என்னருகே அமர்ந்த வெள்ளைக்கார மூதாட்டியொருவரிடம், அத்தனை நாளும் கப்பலில் என்ன செய்வீர்கள் என்று வினவினேன். ஆடலும் பாடலும் நீச்சற் குளமும் முதற் கிழமைக்குப் போதுமானவையாம். அதன் பின்னர் மேற்றளத்தில் நாற்காலியிட்டுக் கடலைப் பார்த்திருப்பதே இன்பம் என்றார் அவர்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு அம்மொழி ஓர் எண்ணத்தை எழுப்பிற்று. கடலை அறியாதவரல்லர் தமிழர். ஆயினும் நம் பழம்புலவர் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிட்டனர். நெய்தல் என்பது காத்திருப்போரின் திணை. கலத்தில் ஏறினோரின் திணையன்று. கடற்பயணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியர் விதித்துவிட்டமையும் இதற்கொரு காரணம் போலும். மணிமேகலையின் சாதுவன் கப்பலேறுகிறான், கலம் உடைகிறது, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலையை அடைகிறான். கலம் உடைந்த கதை நமக்குக் கிடைத்தது. உடைவதற்கு முன்னைய நாள்களை அவன் எவ்வாறு கழித்தான் என்ற கதை கிடைக்கவில்லை. வணிகர் பலர் திங்கட் கணக்கில் நீர்மேல் வாழ்ந்திருப்பர். உணவும் உரையாடலும் சண்டையும் சமாதானமும் அங்கே நிகழாமலா போயிருக்கும்?

அந்நாள்களை நமக்குக் காட்டியவர் புலவரல்லர். பௌதிக அறிஞர் இருவர். 1921ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நார்க்குண்டா என்னும் கப்பலில் மீண்ட ச. வெ. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்திலே உள்ளம் பறிகொடுத்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளியே என்பது அக்காலத்துப் பெருமக்கள் கொள்கை. இராமன் கையில் நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவி இருந்தது. அதனால் நீர்ப்பரப்பிலிருந்து மீளும் ஒளியை விலக்கிவிட்டு நோக்கினார், நீலம் குன்றவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்து, கப்பல் பம்பாய்த் துறையில் நின்றபொழுதே ஆய்வேட்டுக்குக் குறிப்பு எழுதினார். 1928இல் அவர் பெயரால் வழங்கும் விளைவுக்கு வித்து இப்பயணத்திலேதான் விழுந்தது. மேற்றளத்தில் நின்று அதே நீலத்தை வியந்தோர் பலர் இருந்திருப்பர். வியப்போடு அவர்கள் அமைந்தனர்.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1930 ஜூலை 31ஆம் நாள், அவருடைய தமையன் மகன் சந்திரசேகர் பில்ஸ்னா என்னும் இத்தாலியக் கப்பலிற் பம்பாயை விட்டுப் புறப்பட்டார். அகவை பத்தொன்பது. தாயார் சீதாலட்சுமி மீளா நோயுற்றிருந்தார். இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய கல்வியுடையவர் அவ்வம்மையார். போகலாமா, தாயின் அருகிருக்கலாமா என்று மகன் தயங்கியபொழுது, போகவேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். மகன் அவரை மீண்டும் காணவில்லை. இதனை அறிந்தபின் அக்கப்பற் பயணத்தை இன்பப் பயணம் என்று கூற நா எழவில்லை. ஆயினும் கடல் அடங்கியபின் அவ்விளைஞர் நாற்காலியில் அமர்ந்து கணக்கிடத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனுக்குள் எதிர்மின்னிகள் ஒளியின் வேகத்தை அணுகுமாயின், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் அங்கே கருதவேண்டுமல்லவா? கருதியபொழுது, அத்தகைய மீனின் நிறைக்கு ஒரு வரம்புண்டு என்று விடை வந்தது. அவ்விடையை அறிஞருலகம் ஏற்கப் பல்லாண்டு சென்றது. நோபல் பரிசு 1983இல் வந்தது. ஆகாய விமானத்தில் ஒரே இரவில் இலண்டன் சேரும் நம் மாணவர்க்கு அத்தகைய நீண்ட பொழுது வாய்ப்பதில்லை என்பது என் குறை. அவர்கள் என்னை நகைப்பர், நகைக்கட்டும்.

கப்பற் காட்சிகளுள் என் உள்ளத்துக்கு மிக இனியது வேறொன்று. 1899இல் விவேகானந்த அடிகள் கோல்கொண்டா என்னும் கப்பலிற் சென்னைத் துறைக்கு வந்தார். கொள்ளைநோய்ச் சட்டம் அவரைக் கரையிறங்க விடவில்லை. பத்திரிகைக் காரியமாக அவரோடு பேசவேண்டியிருந்த பள்ளியாசிரியர் அளசிங்கப் பெருமாள் என்ன செய்தார்? கொழும்புக்கு ஒரு சீட்டு வாங்கினார்! வெறுங்காலும் நாமமுமாகக் கப்பலேறிய அவ்வைணவர், வழியுணவாகக் கொண்டுசென்றவை இரண்டு மூட்டைகள்: ஒன்றில் வறுத்த அவல், மற்றொன்றிற் பொரியும் கடலையும். நான்கு நாள் உரையாட்டுக்கு அவை போதுமாயிருந்தன. அடிகளே தம் பயண நூலில் இதனை நகைச்சுவையோடு எழுதியுள்ளார்.

எம் மலைநாட்டுக்குத் தெரிந்த கப்பலோ இவற்றுள் எதுவுமன்று. அது தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடியது. 1964இல் இரு நாட்டரசுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி, தோட்டத்து மக்கள் இலட்சக்கணக்கில் அதிலேயே அனுப்பப்பட்டனர். அவர்களைத் துறைக்குக் கொண்டுசென்ற புகையிரதத்துக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கியது. 1982இல் என்னோடு ஆறாம் வகுப்பிற் படித்த தோழனும் சென்றான். கண்டி நிலையத்தில் தன் கணிதக் கொப்பியை என்னிடம் தந்து, "வாத்தியாரிட்ட குடுத்திரு" என்றான். இரண்டு திங்களின் பின் ஒரு கடிதம் வந்தது. கடலை அன்றுதான் முதன்முறை கண்டதாகவும், அது மிகப் பெரிதென்றும், கப்பலில் வடை விற்றார்கள் என்றும் மகிழ்ந்து எழுதியிருந்தான். அவன் பாட்டி மட்டும் உள்ளே வந்து அமராமல், கம்பியைப் பிடித்தபடி பின்பக்கம் பார்த்தே நின்றாளாம். மலை எங்கே தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.