கடலடிச் சேறு வயது சொல்வது எப்படி?

சென்னைப் புறநகரான பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அதற்குச் சில கிலோமீட்டர் கிழக்கே கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இது எப்படித் தெரியும்?

கப்பலிலிருந்து கனமான குழாயை இறக்கி, கடலடிச் சேற்றைத் தூண்போல எடுக்கிறார்கள். பொதுவாக மேலே புதிய படிவு, கீழே பழையது. சேற்றைச் சலித்து, மணல் அளவே உள்ள ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் கடலுயிரிகளின் ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்தபடி மெல்லிய தூரிகையால் பொறுக்குகிறார்கள். அவற்றிலுள்ள கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். கால்பங்கு மிஞ்சியிருந்தால் வயது ஏறத்தாழ 11,460 ஆண்டு. கடல்நீரில் பழைய கார்பனும் கலந்திருப்பதால் ஓடுகள் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

வயது மட்டும் போதாது. அலையாத்தி வேரோ கழிமுகச் சிப்பியோ வளர்ந்த இடத்திலேயே ஆழத்தில் கிடைத்தால், அக்காலக் கரை அங்கே இருந்திருக்கிறது. இப்படிப் பல சான்றுகளைச் சேர்த்தால் கடல் ஏறிய வேகம் புலப்படும்.

இனியும் கடல் உயர உயர, புறநகரின் மழைவெள்ளம் வடிவது தாமதமாகும். அந்த நீரைத் தாங்கிக்கொள்ளும், எஞ்சியுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பைத் தூர்க்காமல் காக்க இதுவே வலுவான காரணம்.