கோட்டையூர் ரோஜா முத்தையா

சென்னையில் ‘ரோஜா ஆர்ட்ஸ்’ நடத்திய விளம்பரப் பலகை ஓவியர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வீட்டையே நூலகமாக்கினார். அரிய நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என எதையும் குப்பை என்று ஒதுக்கவில்லை. ஊர்களின் அன்றாட வரலாறு அவற்றில்தானே இருக்கிறது! பூச்சி அரிக்காமலிருக்க சிட்ரோனெல்லா எண்ணெயைப் பயன்படுத்திக் காத்தார். ஆய்வாளர்கள் வீடு தேடி வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய பணி இது.

1992இல் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. ஆனால் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் ஆவணங்களும் கடல் தாண்டவில்லை. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக வாழ்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழோ அழைப்பிதழோ இருந்தால், எடைக்குப் போடாதீர்கள். ஒரு நூலகத்தில் காட்டுங்கள்.