உங்களுக்குத் தெரியுமா? வேனுக்குள் ஒரு வகுப்பறை

அமெரிக்காவில் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் கல்வி நிதியில் பங்கு உண்டு. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டம் வகுத்த வழி இது. ஆனால் பணம் அந்தப் பள்ளியின் கைக்குப் போகாது. வட்டார அரசுப் பள்ளி நிர்வாகமே அதை வைத்திருந்து, ஏழ்மையான பகுதிகளில் வசிக்கும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதல் பாடம் நடத்த ஆசிரியர்களை அனுப்பும். வாங்கித் தரும் புத்தகமும் கணினியும்கூட அரசுச் சொத்துதான். தனியார் பள்ளி ஆசிரியருக்கோ பயிற்சி உண்டு, சம்பளம் கிடையாது.

மதப் பள்ளிகள் விஷயத்தில்தான் வேடிக்கை. அரசு ஆசிரியர்கள் அவற்றுக்குள் சென்று இப்படிப் பாடம் நடத்துவது அரசமைப்புக்கு முரண் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. பாடத்தை நிறுத்த முடியுமா? நியூயார்க்கில் பள்ளிக்கு வெளியே வேன்களை நிறுத்தி, பிள்ளைகளை அதில் ஏற்றி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வேன், வாடகை இடம் என்று அந்த நகரம் மட்டுமே சில ஆண்டுகளில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அத்தனையும் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம்! 1997-இல் அதே நீதிமன்றம், மறுபடியும் 5-க்கு 4 கணக்கில், தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது.